செவ்வாய்க் கப்பலை ஓட்டியவள்

செவ்வாய்க்குப் போன கப்பலை ஓட்டியது ஒரு பெண். பத்து வயதில் இதற்காக ஒருவனைக் கடித்திருக்கிறேன். இப்போதும் யாராவது அப்படி இல்லையென்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் பயஸ்கோப் தொடர் ஓடியது. ஒரு கப்டன் ரொக்கட்டில் ஏறிச் செவ்வாய்க்குப் போகும் கதை. வாரம் ஒரு துண்டுதான் காட்டுவார்கள். கப்டன் சாகப் போகும் இடம் பார்த்து லைட்டைப் போட்டு எல்லாரையும் வீட்டுக்குத் துரத்திவிடுவார்கள்.

சித்தப்பா அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார். என்னை விட்டுவிட்டுப் போனார். பெண் பிள்ளை மலிவு டிக்கட் கலரியில் இருக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். முதல் சனிக்கிழமை நான் படலையைப் பிடித்துக்கொண்டு கத்தியதில் தெருவால் போன பாண்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டான். ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆனால் அண்ணா திரும்பி வந்து முழுக்கதையும் சொன்னான். கப்டனோடு ஒரு பெண்ணும் போனாளாம். நடுவானத்தில் கப்டன் மயங்கி விழ, அவள்தான் கப்பலை ஓட்டினாளாம். அன்றிலிருந்து எங்கள் வளவில் சில்லுக் கழன்று கிடந்த ரிக்ஷா செவ்வாய்க் கப்பலாகியது. அதை நான் ஓட்டினேன். கப்டனான அண்ணா நேரம் பார்த்து மயங்கி விழுவான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை மாமாவின் மகன் வந்து கெடுத்தான். கொட்டகைக்குப் பக்கத்து வீதியில்தான் அவர்கள் வீடு. ஒரு துண்டும் தவறவிடாதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் நான் ரிக்ஷாவில் இருந்ததைப் பார்த்தான்.

"இறங்கு மச்சாள். பொம்பிளை எங்க கப்பல் ஓட்டினது?"

"மூண்டாம் துண்டில ஓட்டினவள்!"

"ஓட்டேல்லை. பின்னுக்குக் கட்டிப்போட்டுக் கிடந்தவள். நான் கண்ணால பாத்தனான். நீ பாத்தனியோ?"

கண்ணால் பார்த்தது மட்டும்தான் கதையாம், வாயால் கேட்டதெல்லாம் புளுகாம். அண்ணாவைப் பார்த்தேன். அவன் ரிக்ஷா மெத்தையிலிருந்து தும்பு பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"கேள், நேற்று என்ன நடந்ததெண்டு," என்றான் மச்சான். "கதவு பூட்டு. கப்டன் உள்ளுக்க. கப்பல் மலையில மோதி எரிஞ்சுபோச்சு. கண்ணால பாத்தது. இல்லையோடா?"

அண்ணா "ஓம்" என்றான். அது ஒன்றுக்குத்தான் அவனுக்கு வாய் வந்தது.

கதையில் உள்ளபடி என்னைக் கட்டிவைக்க மச்சான் கயிறு எடுத்துவந்தான். கட்டுவதற்குக் காட்டியது ஈரப்பலா மரம். மரம் முழுக்கச் சிவப்பு முசுறு எறும்பு. அப்போதுதான் கடித்தேன். எறும்பு இல்லை, நான்.

அவன் போட்ட சத்தத்தில் சித்தப்பா பேப்பரோடு வெளியே வந்தார். "அண்ணி, இவளை ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டிவிடுறன். இல்லாட்டி இந்த வீட்டில மனுசன் பேப்பர் வாசிக்கேலாது," என்றார். அம்மா முகத்தைத் திருப்பினார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கோட்டை வரை ரயில், பிறகு டிராம். கலரி வாங்கில் மச்சான் ஒரு பக்கம், அண்ணா மறுபக்கம். பந்தயம் இதுதான்: பெண் ஓட்டவில்லை என்று தெரிந்தால் ரிக்ஷா மச்சானுக்கு, மரம் எனக்கு; அவன் தோற்றால் மரம் அவனுக்கு.

போன வாரத்து முடிவைத்தான் எப்போதும் முதலில் காட்டுவார்களாம். காட்டினார்கள். கப்பல் மலையை நோக்கிப் போனது. கப்டன் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் எழும்பினார், கதவைத் திறந்தார், கீழே குதித்தார். அதற்குப் பிறகுதான் கப்பல் மோதி எரிந்தது.

நான் வாங்கில் ஏறி நின்றேன். "கதவு பூட்டெண்டனி! உள்ளுக்க எரிஞ்சவர் எண்டனி!"

"போன கிழமை அப்பிடித்தான் காட்டினவங்கள்! சத்தியமா!"

"அப்ப நீ கண்ணால பாத்ததும் புளுகு! பயஸ்கோப்காரனே கதையை மாத்துறான். அண்ணா சொன்னது மட்டும் என்னெண்டு பிழை?"

கலரி முழுக்கச் சிரித்தது. "வாடிவென்ன நங்கி!" என்று பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. 

"கேஸ் முடிஞ்சுது," என்றார் சித்தப்பா. "ரிக்ஷா அவளுக்கு."

படம் முடிந்து வெள்ளைக்கார ராசாவின் வாழ்த்துப் பாட்டுக்கு எல்லாரும் எழும்பினார்கள். நான் மட்டும் முதலே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணும் படத்தில் வந்தாள்தான். வந்த நேரமெல்லாம் ஒரு மூலையில் நின்று அழுதாள். காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். டிராமில் அண்ணாவிடம் சொன்னேன்: "பாவம், இண்டைக்கு அவளுக்குச் சுகமில்லை. இல்லாட்டி அவளே ஓட்டியிருப்பாள்."

அண்ணா டிராம் டிக்கட்டை விரலில் சுருட்டினான். "ஓம். வாற கிழமை சுகம் வந்திடும்," என்றான்.

மறுநாள் மச்சானை ஈரப்பலா மரத்தில் கட்டினோம். முசுறு தன் வேலையைச் செய்தது. நான் செவ்வாய்க்குப் போய்த் தேத்தண்ணி நேரத்துக்குத் திரும்பி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னை விடவில்லை. அண்ணா போய்வந்து சொன்னான். அவளுக்குச் சுகமாகிவிட்டதாம். கப்டனைப் பின்னால் தூங்கவிட்டு, கப்பலைத் தனியாகவே பூமி வரைக்கும் ஓட்டிவந்தாளாம்.

"பாத்தியோ? நான் அப்பவே சொன்னனான்," என்றேன், அவனிடமே.