வெறும் எண்கோடு

அம்பு சார் என்றால்தான் அந்தப் பள்ளியில் அவரைத் தெரியும். கணக்கு ஆசிரியர். எண்கோட்டில் அவர் அம்பு போட்டால் சுண்ணக்கட்டி 'சர்ரக்' என்று சீறும். இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்கும் கூட்டு அசமன்பாடு நடத்துவதில் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

"'மற்றும்'னா ரெண்டு நிபந்தனையும் சரியா வரணும். 'அல்லது'ன்னா ஒண்ணு போதும். மாப்பிள்ளை உயரமாவும் இருக்கணும், வேலையிலயும் இருக்கணும்னா பாதிப் பேர் கழிஞ்சிடுவான். ஏதாவது ஒண்ணு போதும்னா வாசல்ல வரிசை கட்டி நிப்பான்" என்பார். வகுப்பு சிரிக்கும். அதில் அவருக்குக் கர்வம். அந்தக் கர்வம்தான் ஒருநாள் காலை வாரிவிட்டது.

தேர்வில் ஒரு கேள்வி: ஏழைவிடப் பெரிய மற்றும் மூன்றைவிடச் சிறிய எண்களை எண்கோட்டில் காட்டுக. எல்லோரும் இரண்டு பக்கமும் அம்பு போட்டிருந்தார்கள். சன்னலோரம் உட்காரும் தையற்காரர் மகள் மட்டும் வெறும் கோட்டோடு விட்டிருந்தாள். அம்பு சார் அதற்குச் சுழியம் போட்டு, தாளை வகுப்பின் முன் தூக்கிப் பிடித்தார்.

"அப்பா துணியில கோடு போடுவாரு. பொண்ணு தாள்ல கோடு போட்டிருக்கு. தைக்கத்தான் மறந்துட்டா!"

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. "சார், அது வந்து..." என்று எழுந்தாள்.

"போதும், உக்காரும்மா."

ஆசிரியர் அறையில் மதிப்பெண் ஏற்றும்போதுதான் வினாத்தாளைப் பார்த்தார். 'அல்லது' என்று நினைத்து 'மற்றும்' என்று அடித்திருந்தார். ஏழைவிடப் பெரிதாகவும் மூன்றைவிடச் சிறிதாகவும் ஒரே எண் எப்படி இருக்கும்? கோட்டுக்குக் கீழே அவள் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: 'அப்படி எண் இல்லை'. அவர் அதைப் படிக்கவே இல்லை.

பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பினார். பிறகு மதிப்பெண்ணைத் திருத்தி, தாழ்வாரத்தில் அவளைத் தனியே நிறுத்தித் தாளைக் கொடுத்தார்.

"என் தப்பும்மா. மார்க் போட்டுட்டேன்."

"பரவால்ல சார்" என்றாள், அவர் செருப்பைப் பார்த்தபடி.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவ அப்பாவை எதுக்குங்க இழுத்தீங்க?"

அதுவரை அது அவருக்கு உறைத்திருக்கவே இல்லை. பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"தப்பைச் சபையில பண்ணிட்டு மன்னிப்பைச் சந்துல கேட்டா ஆச்சா?" என்றாள்.

மறுநாள் வகுப்பில் கேள்வியை எழுதி, அடியில் வெறும் எண்கோட்டை வரைந்தார். "இதுதான் சரியான விடை. ஒருத்திதான் போட்டா. அவளை நான் கேலி பண்ணிட்டேன்."

"அப்ப எங்க மார்க் போயிடுமா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"போகாது. வார்த்தையைப் படிக்காம அம்பு போடப் பழக்கினது நான்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அப்பாவைப் பத்திச் சொன்னது கணக்குத் தப்பு இல்ல, என் வாய்க்கொழுப்பு. மன்னிச்சிடும்மா."

எழுந்தாள். "சரி சார்." உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் நன்றாகத்தான் மதிப்பெண் வாங்கினாள். ஆனால் அவர் வகுப்பில் ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குத் தையற்காரர் கடையிலிருந்தே ஓடிவந்திருந்தார். அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"கணக்கு சார் நல்லா நடத்துறாருன்னு சொல்லும் சார் எங்க பொண்ணு" என்று கும்பிட்டார்.

அந்தக் கேலியைப் பற்றி வீட்டில் அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட அம்பு சார் வாயெடுத்தார். ஆனால் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல், தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் எழுந்து போனார்.