விசுக்கோத்துப் பேணியின் பின்பக்கம்

பொதிசெய்த உணவின்மேல் ஒட்டும் சுட்டுத்துண்டில் சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதிகம் சேர்ந்தது முதலில் வரும். உணவுப் பரிசோதகர் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இந்த விதியை நான் பலருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. அங்கே பேணியின் முன்பக்கத்தைத்தான் வாசிக்கலாம். அந்த விதியை இயற்றியவர் அப்பா.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். இடது காலின் சின்னவிரலில் பட்ட காயம் ஆறாமலே கிடந்தது. இனிப்பைத் தொட்டால் விரல் போகும் என்று டாக்குத்தர் சொன்ன அன்றே அம்மா சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

துறைமுகத்தில் வேலை செய்த மாமா ஒருநாள் நீலத் தகரப் பேணி ஒன்றில் விசுக்கோத்துக் கொண்டுவந்தார். கப்பல்காரர் கொடுத்ததாம். முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு வரி. அப்பா பேணியை என்னிடம் நீட்டினார்.

“கண்ணாடியைக் கந்தோர் மேசையிலை விட்டிட்டன். நீ வாசி மகள். குசினிக்குக் கேக்க வேணும்.”

வாசித்தேன்.

“என்னவாம்?” என்று அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார் அம்மா.

“சீனி சேர்க்கேல்லையாம் அம்மா.”

“கப்பல்காரன் பொய் சொல்லுவான்.”

“மகள் பொய் சொல்லுவாளே?” என்றார் அப்பா.

“அத்தானுக்கெண்டே செய்தது போலை கிடக்கு, அக்கா,” என்று மாமா சிரித்தார்.

அம்மா என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். “இஞ்சருங்கோ, அப்ப ரெண்டு சாப்பிடுங்கோ.”

அதன்பின் வந்த பின்னேரங்கள் எல்லாம் எனக்கு இன்னும் ஒரே பின்னேரமாகத்தான் தெரிகின்றன. வாசலுக்கு எதிரே துறைமுகத் தண்ணீர் செம்பு நிறமாகும். கப்பலொன்று ஊதும். அந்த ஒலி குன்றுகளில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அப்பா விசுக்கோத்தை வெறுந்தேநீரில் தோய்த்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சாய்ந்திருக்கும் கதிரையோடு எங்கோ மிதந்து போவதுபோல இருக்கும். இரண்டு, நான்காகியது.

ஒருமுறை நான் பேணியைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை வாசித்தேன். கோதுமை மா, குளுக்கோஸ் பாகு, தேன், வாற்கோதுமை மோல்ற் சாறு. சீனி இப்படிப் பல பெயர்களில் பிரிந்து நின்றால் எந்தப் பெயரும் முதலிடத்துக்கு வராது என்பது இன்று தெரியும்.

“குளுக்கோஸ் எண்டால் என்னப்பா?”

“அது சாப்பிடுற ஆக்களுக்கு இல்லை மகள், சுங்கத்துக்கு எழுதினது,” என்று அப்பா பேணியை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காயம் கறுத்தது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. சீனி வருத்தக்காரர் இதைச் சாப்பிடலாமா என்று கம்பனிக்கு எழுதச் சொன்னார். விளக்கு வெளிச்சத்தில், மெல்லிய தாளில், எறும்பு எழுத்தில் எழுதினேன். அப்பா அதை வாங்கி, இரண்டு பிழைகளைத் திருத்தி, தானே தபாலில் போடுவதாகச் சொல்லிப் பைக்குள் வைத்தார். கண்ணாடி அப்போதும் கந்தோரில்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிழை இரண்டுதானே என்று பெருமையாக இருந்தது.

கம்பனி பதில் எழுத அவசரப்படவில்லை. பதில் வந்தபோது, சின்னவிரல் இல்லாத காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தபடி அப்பா வீட்டில் இருந்தார். நான் வாங்கக் கை நீட்டினேன். அம்மா கடிதத்தை அவரிடம் கொடுத்தார்.

“இஞ்சருங்கோ, இந்தமுறை நீங்களே வாசியுங்கோ.”

அப்பா கண்ணாடியைக் கேட்காமல் வாசித்தார்: சீனி வருத்தக்காரருக்கு உகந்ததல்ல.

கம்பனிக்கு எழுதச் சொல்லி அந்தப் பதிலை வரவழைத்த அம்மா ஏன் அதைப் பார்க்காமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பதில் கிடைத்த திகதி: பட்டிப்பொங்கல், ஊரெல்லாம் சர்க்கரைப் பொங்கல் பொங்கியதற்கு மறுநாள்.