கொக்கோ மரத்துச் சிரட்டை

நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால் கொக்கோ மரத்தில், ஆள் உயரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கட்டியிருக்கிறதே, அது என்னவென்று நீங்கள் ஓயாமல் கேட்கிறீர்கள். கட்டியது உங்க மாமா. பக்கிக் குருவிக்கு வீடு கட்டிக் கொடுத்தாராம்!

நீங்கள் பக்கியைப் பார்த்ததில்லை. பகலெல்லாம் தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிக்கப் போனால்தான் எழும்பும். பொழுது சாய்ந்தால் பலகையில் தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்று கத்தும். நான் இந்த இரத்தோட்டைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் நாலா பக்கமும் அந்தச் சத்தம்தான். பிறகு மருந்து அடித்தார்கள். பக்கி தின்னுகிற பூச்சியெல்லாம் செத்தது. தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள். முட்டையும் சேர்ந்து வெந்தது. பக்கி கூடு கட்டாது, பிள்ளைகளே. வெறும் சருகின்மேல்தான் முட்டையிடும். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சோடி, நம்ம லயத்துக்குப் பின்னால்.

அந்தச் சோடி இருந்த மூலையை மட்டும் கூட்டாமல் விடச் சொல்லிக் கங்காணியிடம் எவ்வளவு கெஞ்சியிருப்பேன்! "ஒரு குருவிக்காகத் தொரைகிட்ட நான் ஏச்சு வாங்கணுமாக்கும்" என்று முறைத்தார். ஆனாலும் விட்டார். சருகில் இரண்டு முட்டை கிடந்தது. அப்பாடா என்றிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து உங்க மாமா லக்கலயிலிருந்து வந்தார். நான் டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் சிரட்டையில் தேங்காய்த் தும்பு போட்டு, முட்டைகளை அதில் வைத்து, மரத்தில் கட்டிவிட்டார். "அண்ணே, அவர் வரட்டும்" என்று உங்க அம்மா சொன்னாளாம். கேட்டால்தானே! நான் வந்ததும் பெருமையாகச் சொன்னார்:

"என்ன மச்சான், ஒரு கூடுகூடக் கட்டத் தெரியாத குருவி! பாம்பு தின்னுறாதா?"

"அது தரையிலதான் உக்காரும், மச்சான். மேல ஏறாது."

"எல்லாம் பழகிக்கும்."

முட்டைகளை இறக்கிப் பழைய இடத்தில் வைக்கலாமென்று ஓடினேன். அங்கே சருகே இல்லை. பாம்பு அண்டாமலிருக்க அந்த மூலையையும் மாமா பளிச்சென்று கூட்டி வைத்திருந்தார்! வெறும் மண்ணில்தான் வைத்தேன். மாலையில் பக்கி வந்தது. தாழப் பறந்து இரண்டு தரம் சுற்றியது. உட்காரவில்லை. போனது போனதுதான்.

மருந்து அடித்தவனோடு சண்டை போடலாம். நல்லது செய்ய வந்த மனுசனை என்ன செய்வது?

போன மாதம் மாமா வந்திருந்தாரல்லவா? பொழுது சாயும் நேரம் மரத்தடிக்குப் போய்ச் சிரட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா மச்சான், இத்தனை வருஷமாச்சு, கட்டு அசையல!"

அசையவில்லைதான். அவர் பேச்சு நின்றதும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு 'டொக்' சத்தமும் இல்லை.