மேரி அக்காவுக்கு விழுந்த மாலை

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சுவரோரம் மீன் விற்பவர் மேரி அக்கா. வாங்குகிறவர்கள் அவர் முகத்தையும் பார்க்கட்டும் என்று அந்தச் சுவரில் அவரையே வரைந்தேன். சுவரோவியங்களைப் பற்றிய ஆவணப்படத்தில் அது வருகிறது என்றதும், திரையிடலுக்கு அவரையும் கூட்டிப்போனேன்.

திரையில், என் ஓவியத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். “வெள்ளத்தில் இறந்த தாய்க்கு மகனின் அஞ்சலி” என்றது பின்னணிக் குரல்.

“நான் உசுரோடதான கீறேன்? இன்னாத்துக்குப்பா எனக்கு மாலை?” என்றார் அக்கா.

இயக்குநரின் சட்டையைப் பிடித்தேன்.

“படத்துக்கு ஒரு எமோஷன் வேணும்ல, ப்ரோ” என்றான். த்தூ!

நேற்று, அந்தப் படம் பார்த்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைக் கும்பிட்டார். பிறகு கீழே குனிந்து, “மத்தி எவ்ளோ?” என்று கேட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.