எந்த ரைட்டு?

எங்க தெரு கருப்பையா நேத்து மத்தியானம் இறந்துட்டார்.

யாருன்னு தெரியலல்ல? ‘ரைட்டுத் தாத்தா’ன்னு சொன்னா பாதி புதுக்கோட்டைக்குத் தெரியும்... அதுதான் பிரச்சினையே.

நான் இன்வெர்ட்டர் சர்வீஸ் பண்றவன். எனக்கு எழுத வராது. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போயிர்றேன்.

அவர் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கப் போனதுல ஆரம்பிச்ச பழக்கம். வேலையை முடிச்சுட்டு, “ரைட், சுவிட்சைப் போடுங்க”ன்னேன்.

“எந்த ரைட்டு?”ன்னார்.

“என்னங்கய்யா?”

“சரிங்கிற ரைட்டா, சோத்தாங்கைப் பக்கத்து ரைட்டா, போகலாங்கிற ரைட்டா? வெவரமா சொல்லு.”

எனக்கு அன்னைக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி. நானே எந்திரிச்சுப் போய் சுவிட்சைப் போட்டேன்.

அதுல இருந்து எப்பப் பார்த்தாலும் இதே ரோதனை. எனக்கோ வார்த்தைக்கு வார்த்தை ரைட் வரும். போன்ல ஒருத்தன்கூடச் சண்டை போட்டு “ரைட்டு... பார்த்துக்கறேன்”னு வச்சா, ஈஸிசேர்ல இருந்து “இது மிரட்டுற ரைட்டு”ம்பார். மாடியில குடியிருந்தவர் “எனக்கும் ரைட்ஸ் இருக்கு”ன்னு கத்தினப்ப, “அந்த ரைட்டு மட்டும் நமக்கு வாய்க்கல தம்பி”ன்னு என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

கடுப்பாத்தான் இருக்கும். செத்துட்டார்ங்கிறதுக்காக மாத்திச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கதை. எத்தனை தடவை கேட்டிருப்பேன்...

நாப்பதுகள்ல, யுத்த காலம். மீசை முளைக்கிற வயசுல அவர் அரிமளம் போற பஸ்ல கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸைக் கரியில ஓட்டியிருக்காங்க. பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு அடுப்பு. அதுக்குக் கைப்பிடியைச் சுத்திக் காத்து அடிக்கிறதும் கண்டக்டர் வேலைதான்.

மழை விட்ட ஒரு நாள், கண்மாய்க் கரையில பஸ் நின்னுருச்சு. இவர் பின்னாடி இறங்கிக் காத்து அடிச்சு, ஒரு வழியா இஞ்சின் பிடிச்சிருக்கு.

முன்னாடி இறங்கி வழி பார்த்தது, அன்னைக்கு அதே வண்டியில வந்த பஸ் முதலாளியோட மருமகன். காலேஜ் படிச்சவர். இடதுபக்கம் கரை இளகிக் கிடக்கிறதைப் பார்த்துட்டு, வண்டியை வலதுபக்கம் ஒடிக்கச் சொல்லி இங்கிலீஷ்ல கத்தியிருக்கார். “ரைட்! ரைட்!”

டிரைவருக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். போ. ரெண்டு தடவை சொன்னா, வெரசாப் போ.

நேரா விட்டார். கரை உடைஞ்சு, பஸ் எருமை மாதிரி மெல்லக் கண்மாய்க்குள்ள சாஞ்சு படுத்துருச்சாம். யார் உசுருக்கும் ஒண்ணும் ஆகல. யாரோ ஏத்தின வெத்தலைக் கட்டு மட்டும் மிதந்து போயிருக்கு.

முதலாளி வந்து கேட்டது ஒரே கேள்வி. “எவன்டா ரைட் குடுத்தது?”

டிரைவர் சொன்னார்: “கண்டக்டர்தானுங்க ரைட் குடுப்பான். வேற யாரு குடுப்பா?”

மருமகன் ஈர ஷூவைக் கழட்டிக்கிட்டு இருந்தாராம்.

அங்கனயே வேலை போச்சு. வேற எந்த பஸ்லயும் சேர்த்துக்கல. அரிசி மில்லு, மரக்கடைன்னு எங்க போனாலும் ‘ரைட்டு’ங்கிற பேரு கூடவே போயிருக்கு. மகனுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துல, “ஓ... பஸ்ஸைக் கண்மாய்ல விட்ட ரைட்டு வீடா?”ன்னு கேட்டிருக்காங்க.

கதையை முடிச்சுட்டு ஒவ்வொரு தடவையும் கேப்பார். “வாய் நெறைய கரிப்புகை தம்பி. இருமவே மூச்சு இல்ல, எங்கிட்டுக் கத்துறது? நான் சொல்லல. நீ நம்புறியா?”

நான் சொல்வேன்: “ஒரு வார்த்தைக்கு இத்தனை வேலை குடுத்ததே தப்புய்யா. ஒரே சுவிட்சுல எல்லா லைனையும் கொடுத்தா எவனாச்சும் ஷாக் அடிச்சுத்தான் விழுவான். யார் சொல்லியிருந்தாலும் பஸ் கவுந்துதான் இருக்கும்.”

“நான் பஸ்ஸைப் பத்திக் கேக்கல”ம்பார்.

போன மாசம் எரிச்சல்ல கேட்டுட்டேன். “சத்தம் முன்னாடி இருந்துல்ல வந்துச்சு? நீங்க பின்னாடி நின்னீங்க. டிரைவருக்கு அது தெரியாமலா இருக்கும்?”

ஈஸிசேர்ல நிமிர்ந்து உக்காந்தார்.

“தெரியும்... அவருக்கு வீடு நெறைய புள்ளைக, தம்பி.”

அத்தனை வருஷத்துல இதை அவர் யாருக்கும் சொன்னதில்லையாம். மகனுக்கும் இன்னைக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

நேத்து ஃப்ளெக்ஸ் அடிக்கணும்னு பேச்சு வந்துச்சு. மகனுக்கே எழுபது வயசு. “தம்பி, பேருக்குக் கீழ ‘ரைட்டு’ன்னு போட்டாத்தானே ஜனத்துக்குத் தெரியும்?”ன்னார்.

“போடாதீங்க”ன்னேன்.

“இதுல ஒனக்கென்னப்பா?”ன்னு ஒரு சொந்தக்காரர் எகிறினார். ஃப்ளெக்ஸ்காரன் வேற போன்ல, “சீக்கிரம் சொல்லுங்கண்ணே, மெஷின் சும்மா நிக்குது.”

மகன் அப்பா முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், “கருப்பையான்னு மட்டும் போடச் சொல்லு.”

போட்டாச்சு. தெரு முக்குல கட்டியாச்சு. காலையில இருந்து வர்றவன் போறவன்லாம் நின்னு படிச்சுட்டு, “யாருய்யா இந்தக் கருப்பையா?”ங்கிறான். வாசல்ல போட்ட சேர்ல பாதி காலி. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது... அதான் இங்க எழுதுறேன்.

சாயங்காலம் எடுக்குறாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச அந்த ஆள்தான் இவர். வாங்க. வந்து, கருப்பையா வீடு எதுன்னு கேளுங்க.

போயிட்டு வாங்க, கருப்பையா அய்யா. நீங்க சொல்லல.