மாடி வீட்டு ஃபோர்வேர்ட்

செவன் கிங்ஸில் எங்கள் கடைக்கு மேலே இருந்த வீட்டை ஒரு ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்கு வாடகைக்குக் கொடுத்தோம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். கிரிக்கெட் கழகம் என்றால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். லண்டனின் ஓரத்தில் ஞாயிறு பின்னேரங்களில் ஆடும் சின்னக் கழகம் அது. வெளிநாட்டிலிருந்து கூட்டிவரும் ஆட்டக்காரனுக்குச் சம்பளத்தோடு இருக்க இடமும் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். ஆட்டம் போனால் இடமும் போய்விடும்.

எனக்கு அந்த விளையாட்டு புதிதில்லை. லண்டனுக்கு வருவதற்கு முன்பு நாங்கள் சுவிஸில் இருந்தோம். அங்கே ஒரு சின்ன நகரத்தின் ஐஸ் மைதானத்து உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன். கழுவும் தொட்டிக்கு நேரே பெரிய கண்ணாடி. அதற்கு அப்பால் ஐஸ். கை சவர்க்காரத் தண்ணீரில் கிடக்க, கண் அந்தக் கறுப்பு றப்பர் வட்டின் பின்னால் ஓடும். பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டன் வந்தபோது, நான் கவலைப்பட்டது அந்தக் கண்ணாடிக்காகத்தான். இதைச் சொன்னால் என் மனுசன், "உமக்கென்ன விசரே?" என்பார்.

அந்த வருஷம் புரட்டாதியில் வந்தவன் ஸ்லோவாக்கியாக்காரன். அவர்களுடைய நாடு ஐரோப்பிய யூனியனில் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. முப்பத்துநாலு வயது, உடைந்து பொருந்திய மூக்கு, இரண்டு பெரிய பைகள், ஒரு கட்டு ஹொக்கி மட்டைகள். இங்கிலிஷ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. நான் சுவிஸில் பழகிய டொச்சில், ஜெர்மன் மொழியில், நாலு சொல் சொன்னேன். பையைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவனும் சுவிஸில் இரண்டாம் பிரிவில் ஆடியவன். எங்கள் மைதானத்துக்கும் வந்திருக்கிறான். நான் கழுவிய கோப்பையில் அவன் சூப் குடித்திருப்பான் என்று சொல்லிச் சிரித்தோம்.

கடைப் பொடியள் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் என்னை அக்கா என்றான். பின்னேரங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்தபடி தன் கதையைச் சொல்லுவான். அந்த உடைந்த டொச்சை எங்கள் பேச்சில் எழுதினால்தான் அவன் குரல் எனக்குக் கேட்கிறது. பதினெட்டு வயதில் தன் நாட்டு இளைஞர் அணிக்கு ஆடியவன். வட்டை வலைக்குள் அடிக்கும் முன்களக்காரன், ஃபோர்வேர்ட். பிறகு தன் ஊர்க் கழகம், செக் நாடு, சுவிஸ், இத்தாலி மலையோரத்தில் ஒரு ஊர், பிரான்ஸ், கடைசியில் லண்டன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி கீழே.

"இதுக்குக் கீழ படி இல்லை அக்கா," என்றான் ஒருநாள்.

"அப்ப ஊருக்குப் போய் வேற வேலை பாருமன்."

"ஐஸில நிக்கேக்கதான் என்ர உடம்பு என்ர சொல்லுக் கேக்குது. வெளியில வந்தா முழங்கால் நோகுது, தோள் நோகுது, வாயும் திறக்குதில்லை. ஐஸ் இல்லாட்டி நான் ஆர்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மனுசனின் தலையில் கட்டிவிட்டு ஆட்டம் பார்க்கப் போனேன். பார்க்கவே கவலையாக இருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு மற்றவர்களுக்கு முதலே தெரிந்தது. போய் நின்றான். வட்டு வந்தது. மட்டை ஒரு மூச்சு பிந்தித்தான் போனது. பின்வரிசையில் இருந்தவர்கள் அவனைக் கிழவன் என்று கத்தினார்கள். ஒருமுறை திரும்பி முறைத்துப் பார்த்தேன். கம்பளிச் சால்வை போர்த்திய தமிழ்ப் பொம்பிளை இந்த ஆட்டத்தில் ஏன் கோபப்படுகிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை அவன் படியில் துள்ளிக்கொண்டு இறங்கி வந்தான். உன் ஊரில் நல்ல இளம் பொடியன் யாராவது இருக்கிறானா என்று கழகத்து மனேஜர் கேட்டாராம். இவன் உடனே தன் பக்கத்துத் தெருப் பொடியன் ஒருவனைச் சொல்லியிருக்கிறான். மனேஜர் அவனோடு போனில் பேசி முடித்தும் விட்டாராம்.

"எனக்கு வட்டைத் தர ஆளில்லாமத்தான் நான் கோல் அடிக்கேல்லை. இவன் இடப்பக்கம் நிண்டா பாருங்கோவன். அக்கா, மேல இன்னொரு கட்டில் போட ஏலுமே? ரெண்டு பேரும் ஒண்டா இருப்பம்."

வெளிநாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் என்று ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருவன் வந்தால் ஒருவன் போக வேண்டும். அவனுக்குத் தெரியாததா? போகப்போவது அணியிலிருந்த கனடாக்காரன் என்று தானே முடிவு செய்து வைத்திருந்தான். இந்தப் பிழையை எங்கள் ஆட்களும் விட்டிருக்கிறார்கள். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்கிறவன் தன் மச்சானைக் கூட்டிப்போய் முதலாளிக்குக் காட்டுவான். அடுத்த மாதம் மச்சான் கல்லாவில் நிற்பான், இவன் வீட்டில் இருப்பான்.

மனேஜருக்கு போன் எடுத்து இரண்டாவது கட்டிலைப் பற்றிக் கேட்டேன். நல்ல இனிமையான குரல் அவருக்கு. ஒரு கட்டில் போதும், விரிப்பை மட்டும் மாற்றிவிடுங்கள், புதியவன் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறான் என்றார். இப்போது இருக்கிறவன்? அவனுக்கு இன்னும் சொல்லவில்லை, ஞாயிறு ஆட்டம் முடியட்டும் என்றார். காலநிலை சொல்வது போலத்தான் சொன்னார். போனைப் படாரென்று வைத்தேன். அவ்வளவு ஆத்திரம்.

"உதில நீர் தலையிடாதேயும். அது அவங்கட விசயம்," என்றார் மனுசன்.

நான் தலையிட்டேன். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறைக்கு அவனைக் கூட்டிப்போய் நேராகச் சொன்னேன். முதலில் சிரித்தான். கொன்ட்ராக்ட் பங்குனி வரைக்கும் இருக்கிறது என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஒரு மூட்டையின் மேல் குந்தித் தன் கைகளைப் பார்த்தான்.

"ஆளைச் சொன்னது நான்தானே," என்றான்.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியும் எண்டு மனேஜருக்குச் சொல்லாதேங்கோ அக்கா. தெரிஞ்சா ஞாயிற்றுக்கிழமை இறங்க விடமாட்டினம்."

அந்த ஞாயிறு அவன் ஆடிய ஆட்டத்தை நான் சுவிஸிலும் பார்த்ததில்லை. இரண்டாம் பகுதியில், வலைக்குப் பின்னாலிருந்து சுற்றி வந்து, காப்பாளன் திரும்புவதற்குள் வட்டை உள்ளே தள்ளினான். கிழவன் என்று கத்தியவர்கள் எழும்பி நின்று மேளம் அடித்தார்கள். மனேஜரும் கை தட்டினார். எனக்கும் ஒரு நிமிஷம் புத்தி கெட்டு நம்பிக்கை வந்துவிட்டது, இனி எப்படி அனுப்புவார்கள் என்று. ஆட்டம் முடிந்து அவன் உடுப்பு மாற்றி வெளியே வந்ததும், நடைவழியில் வைத்தே கணக்கை முடித்து அனுப்பினார்கள். அவன் தலையாட்டுவது எனக்குத் தூரத்திலிருந்து தெரிந்தது.

வெள்ளிக்கிழமை புதியவனைக் கூட்டிவர ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் போனவன் இவன்தான். நீர் ஏன் போகிறீர் என்று சண்டை பிடித்தேன். ஊர்ப் பொடியன், முதல்தரம் வெளிநாடு, பாதை தெரியாது என்றான். இருபது வயதுப் பிள்ளை. சிவந்த கன்னம், இன்னும் உடையாத மூக்கு. வரும்போது இவனுடைய அம்மா கொடுத்த பொதியைக் கொண்டு வந்திருந்தான். புகையில் வாட்டிய இறைச்சியும் கசகசா அடைத்த பணியாரமும். தன் மகனுக்குத் துணையாக ஆள் போகிறது என்ற சந்தோசத்தில் அந்த மனுசி இரவு முழுக்க இருந்து சுட்டதாம். இவன் பணியாரத்தைக் கல்லாவில் வைத்து வெட்டி எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு தந்தான். தன் துண்டைத் தின்னவில்லை.

பொடியனுக்கு எந்த அடுப்பு சூடாகும், எந்த யன்னல் இறுகும் என்று காட்டினான். மட்டைகளை அவனுக்கே கொடுத்துவிட்டுப் பைகளோடு போனான். ஊருக்குத்தான் போகிறேன் என்று எங்களுக்குச் சொன்னான்.

பொடியன் நன்றாக ஆடினான். ஒருநாள் கடையில் பால் வாங்க வந்தபோது, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னான், அவர் களைத்துப்போய்த் தானாகவே விட்டுவிட்டார், என்னைக் கூப்பிட்டுத் தன் இடத்தைத் தந்தார், அப்படி யார் செய்வார்கள் என்று. ஓம் என்றேன். அவன்மேல் கோபப்படவும் வழியில்லை.

நத்தாருக்குக் கொஞ்சம் முன்பு மோர்டனில் இருக்கும் என் தங்கச்சியின் மகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் நடுவுக்குப் போனேன். கிறிஸ்மஸ் காலத்தில் ஒரு பழைய மாளிகையின் முற்றத்தில் தற்காலிகமாக ஐஸ் போட்டு, காசு வாங்கிக்கொண்டு சனத்தைச் சறுக்க விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பிடித்துத் தள்ள பிளாஸ்டிக் பென்குவின்கள். விழுகிறவர்களைத் தூக்கிவிட மஞ்சள் சட்டை போட்ட வேலையாட்கள். அந்த மஞ்சள் சட்டைகளில் ஒன்றுக்குள் அவன் நின்றான்.

வேலியருகே வந்தான். முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது.

"தம்பி, ஊருக்குப் போகேல்லையே?"

"அங்க என்னண்டு போறது அக்கா? அம்மா இன்னும் நான் ஆடுறன் எண்டு நினைக்கிறா. பொடியன் தன்ர வீட்டிலையும் சொல்லேல்லை, நான்தான் சொல்லாத எண்டு கேட்டனான்." கீழே பார்த்தான். "இஞ்ச தை வரைக்கும் ஐஸ் இருக்கு."

அப்போது முற்றத்தின் அந்தப் பக்கம் ஒரு குழந்தை குப்புற விழுந்து கத்தியது. அவன் திரும்பினான். நாலே நாலு தள்ளல். சனத்தின் நடுவே ஒருவரையும் தொடாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை போன அதே போக்கில் போனான். உடனே விசில் ஊதியது. அவனிலும் பாதி வயதுள்ள மேற்பார்வைக்காரப் பொடியன் ஒருவன் கையை ஆட்டிக் கத்தினான். வேலையாட்கள் வேகமாகப் போகக்கூடாது, எத்தனை தரம் சொல்வது என்று. அவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டான். குழந்தையை நிமிர்த்திவிட்டு, முழங்காலை மடித்து, குட்டிக் குட்டி அடியாக வைத்துத் திரும்பி வந்தான்.

"பெரியம்மா, அந்த அங்கிளும் இப்பதான் பழகுறாரா?" என்று கேட்டாள் பிள்ளை.

"இல்லைப் பிள்ளை, அவரை மறக்கச் சொல்லியிருக்கினம்," என்றேன். சொல்லிவிட்டு அந்தச் சனத்துக்கு நடுவில் அழுதேன்.