ஏலக்காரர் விட்ட குமிழிகள்

ஐம்பத்தைந்து வயதில் முத்துக்கருப்பனுக்குக் குரல் போயிற்று. மார்க்கெட்டில் வெங்காயம் ஏலம் விடுகிறவர் அவர். கத்திக் கத்தித் தொண்டைக்குள் காய்ப்பு விழுந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். சின்ன வயதிலேயே மூட்டை தூக்க வந்த மனிதர். விளையாடி யாரும் பார்த்ததில்லை. பழங்காநத்தத்து வீட்டுக்குள் அவர் நுழைந்தால் டிவி சத்தம் தானாகக் குறையும்.

பேச்சுப் பயிற்சிக்குத் தல்லாகுளத்தில் சத்யப்ரியா என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி விடச் சொன்னாள். பிறகு உதட்டை அதிரவிட்டு "ப்ர்ர்ர்" என்று சொல்லச் சொன்னாள்.

"பச்சப்புள்ள மாதிரியாம்மா?" என்று காற்றாய்க் கேட்டார்.

"ஆமாங்கய்யா. வெக்கப்பட்டா உதடு இறுகிரும். சத்தம் வராது."

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பழகினார். எச்சில்தான் தெறித்தது. காயப்போட்ட துணியை எடுக்க வந்த மனைவி சோலையம்மாள் பார்த்துவிட்டாள். அவர் முகம் கறுத்தது. மற்ற நாளாக இருந்தால் அவள் பேசாமல் கீழே இறங்கியிருப்பாள். அன்று என்னவோ, "எப்புடி, இப்புடியா?" என்று கேட்டு உதட்டை அதிரவிட்டாள். பழைய டவுன் பஸ் மேடேறுவது போலிருந்தது.

முத்துக்கருப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உதடு தளர்ந்தது. அவருக்கும் பஸ் கிளம்பியது.

மறுநாள் அவரே இரண்டு டம்ளர்களை மாடிக்கு எடுத்துப்போனார். யார் நிறுத்தாமல் குமிழி விடுவது என்று போட்டி. அவள் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"இந்தா, கள்ளாட்டம் ஆடுற."

"ஏங்க, இம்புட்டு நாளா இத எங்க வச்சிருந்தீங்க?"

நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்கு அது பொய்யென்று பட்டது. "பயந்தான். சிரிச்சா மார்க்கெட்ல எவனும் மதிக்கமாட்டான்னு."

சில மாதங்களில் குரல் திரும்பியது, பழைய முரட்டுத்தனம் இல்லாமல். மைக் மாட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனார். பயிற்சி போதும் என்று சத்யப்ரியா சொன்ன பிறகும் சாயங்காலம் இருவரும் மாடிக்குப் போவது நிற்கவில்லை.

போன மாசியில் குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் போயிருந்தார்கள். கோயில் வாசல் கடையில் தொங்கிய அட்டை முகமூடிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், புலியொன்றும் கரடியொன்றும் வாங்கினார். இருவரும் மாட்டிக்கொண்டு பங்காளிகள் உட்கார்ந்திருந்த மரத்தடிக்குப் போனார்கள்.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றார்.

அவருடைய தம்பி சுருளி எழுந்து உற்றுப் பார்த்தார். நம்ப முடியாமல், "அண்ணே... நீங்களா?" என்றார்.

"இல்ல. புலி."

சோலையம்மாள் கரடியைக் கழற்றாமலே பொங்கல் பானையைக் கிளறப் போனாள்.